தவளைத் தோல் அரிதட்டு அல்ல

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

மாரி தொடங்கிய கையோடு தங்கள் பத்திரிகையில் இரண்டு குறிப்புகள் வெளிவந்தன. ஒன்று மாணவர் பக்கத்தில். தவளை, தேரை போன்ற ஈரூடகவாழிகளின் தோல் அரிதட்டைப் போன்றது, நீரும் சிறிய அயன்களும் (மின்னேற்றம் கொண்ட துகள்களும்) அதனூடாகத் தாமாகப் போய்வரும், பெரியவை நின்றுவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. மற்றது வீட்டுக் குறிப்புகளில். விறாந்தைக்கு வரும் தேரையின் மேல் உப்புத்தூளைத் தூவினால் அது திரும்பி வராது என்று அதில் இருந்தது. முதலாவது பிழை. இரண்டாவது ஒருவகையில் உண்மைதான். உப்புத் தூவப்பட்ட தேரை திரும்பி வராது, செத்துப்போகும். அந்தத் தோலில் என்ன நடக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னால் இரண்டையும் ஒன்றாகவே திருத்திவிடலாம் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறோம்.

அரிதட்டு பருமனைப் பார்த்துத்தான் விடும். அயன்களின் பருமனைப் பார்ப்போம். தனி அயனாக எடுத்தால் இலித்தியத்தின் ஆரை 0.76 அங்ஸ்ற்றோம், சோடியம் 1.02, பொற்றாசியம் 1.38. ஆனால் நீரில் எந்த அயனும் வெறுமேனியாகத் திரிவதில்லை. நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இழுத்து வைத்திருக்கும். சிறிய அயனுக்கு இழுவை அதிகம் என்பதால் நீரோடு சேர்த்துப் பார்க்கும்போது வரிசை தலைகீழாகிவிடும்: இலித்தியம் பெரிது, அடுத்தது சோடியம், பொற்றாசியம் சிறிது. ஆகவே தோல் வெறும் அரிதட்டாக இருந்தால் பொற்றாசியம்தான் முதலில் புகவேண்டும். தவளைத் தோலின் வெளிமுகம் செய்வது இதற்கு நேர்மாறு. சோடியத்தையும் இலித்தியத்தையும் உள்ளே விடுகிறது. பொற்றாசியத்தை அநேகமாக விடுவதேயில்லை. அங்கே இருப்பது ஒரு புரதக் கால்வாய். அதன் ஒடுங்கிய இடத்தில் அயன் தன் நீர்ப் போர்வையைக் கழற்றித்தான் நுழைய வேண்டும். கழற்றிய பின் பொற்றாசியம் அந்த இடத்துக்குப் பெரிது. எங்கள் சிறுநீரகத்தின் சேகரிக்கும் கான்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் நுரையீரலிலும் இருப்பது இதே குடும்பத்துக் கால்வாய்தான். சிறுநீர் போக்குவதற்குக் கொடுக்கப்படும் அமிலோரைட் என்ற மருந்து அடைப்பதும் இதையே.

"தாமாகப் போய்வரும்" என்பது அடுத்த பிழை. மழைத்தண்ணீர் தேங்கிய குளத்தில் சோடியம் லீற்றருக்கு ஒரு மில்லிமூல் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். தவளையின் இரத்தத்தில் ஏறத்தாழ 100 முதல் 110 மில்லிமூல். தாமாகப் போவதென்றால் சோடியம் தவளையிலிருந்து குளத்துக்குத்தான் போகவேண்டும். கோப்பன்ஹேகனில் ஓகஸ்ட் குரோக் என்ற உடற்றொழிலியலாளர் 1930களில் காட்டியது இதன் எதிர்ப்பக்கத்தை. காய்ச்சி வடித்த நீரில் வைத்து உப்பு இழக்கச் செய்த தவளைகள், லீற்றருக்கு ஒரு மில்லிமூலின் நூறில் ஒரு பங்கு உப்பு மட்டுமே உள்ள நீரிலிருந்தும் அதைத் தோலால் உறிஞ்சி எடுத்தன.

தவளைத் தோலின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நேர்மின் அழுத்தத்தில் இருக்கிறது என்பதை ஜேர்மன் உடற்றொழிலியலாளர் டு புவா றேமொண்ட் 1848 இலேயே கண்டிருந்தார். அது ஏன் என்பதற்கு விடை கிடைக்க நூறு ஆண்டுகள் எடுத்தன. 1951 இல் ஹான்ஸ் உசிங்கும் ஸெரானும் செய்த பரிசோதனையை எந்த உயர்தர மாணவனும் விளங்கிக்கொள்ளலாம். கழற்றிய தோலை இரண்டு சிறு அறைகளுக்கு நடுவே பிடித்து, இரு பக்கமும் ஒரே றிங்கர் கரைசலை (உடற்பாய்மத்தை ஒத்த உப்புக் கரைசலை) நிரப்பினார்கள். செறிவு வித்தியாசம் இல்லை. வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்துத் தோலின் குறுக்கே உள்ள அழுத்தத்தையும் பூச்சியமாக்கினார்கள். இனி அயன் எதையும் ஒரு பக்கம் தள்ளுவதற்கு வெளி விசை எதுவும் மிச்சமில்லை. அரிதட்டாக இருந்தால் மின்னோட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, மணிக்கணக்கில் ஓடியது. கதிர்த்தொழிற்பாட்டுச் சோடியத்தால் அளந்தபோது, வெளியிலிருந்து உள்ளே போன நிகரச் சோடியமும் அந்த மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின. குளோரைட்டு இரு பக்கமும் சமமாகப் போய்வந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம், வகுப்பில் பயன்படும். ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலில் 50 மைக்குரோ அம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 96,500 ஆல் வகுத்து 3,600 ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறக்குறைய 1.9 மைக்குரோமூல் சோடியம். தவளைத் தோலுக்கு இது சாதாரண அளவு.

இந்தத் தெரிவு எங்கே நடக்கிறது என்பதை 1958 இல் வல்போர்க் கோஃபோட் யோன்சனும் உசிங்கும் காட்டினார்கள். குளோரைட்டு குறுக்கே ஓடிக் குழப்பாமல் இருக்க அதற்குப் பதிலாகச் சல்பேற்றை வைத்தார்கள். அப்போது வெளிமுகத்தில் சோடியத்தைப் பத்து மடங்கு மாற்றினால் அழுத்தம் 58 மில்லிவோல்ற்றுக்குக் கிட்ட மாறியது. அங்கே பொற்றாசியத்தை மாற்றினால் அசைவில்லை. உள்முகத்தில் பொற்றாசியத்தை மாற்றினால் அழுத்தம் அதேபோல மாறியது. அங்கே சோடியத்தை மாற்றினால் அசைவில்லை. ஒரே கலத்துக்கு இரண்டு முகம், இரண்டுக்கும் வேறு வேறு குணம். வெளிமுகக் கால்வாயால் சோடியம் கலத்துக்குள் தன் சரிவிலேயே இறங்குகிறது. உள்முகத்திலுள்ள பம்பி என்ற புரதம், கலத்தின் சக்தியைச் சுமக்கும் ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை இரத்தப் பக்கம் தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிறது. அந்தப் பொற்றாசியம் உள்முகக் கால்வாய்களால் திரும்ப வெளியே கசிகிறது. இப்படிக் கலத்துக்குள் சோடியத்தைப் பம்பி குறைவாகவே வைத்திருப்பதால்தான் வெளிக்கால்வாயால் மேலும் சோடியம் இறங்க இடமிருக்கிறது.

பம்பிக்குச் செலவு உண்டு என்பதற்கு ஒட்சிசன் கணக்கே சாட்சி. 1956 இல் ஸெரான் அளந்தபோது, சோடியத்தைக் கடத்துவதற்கென மேலதிகமாகச் செலவான ஒவ்வொரு ஒட்சிசன் மூலக்கூறுக்கும் ஏறக்குறைய 18 சோடியம் கடந்தது. ஒரு ஒட்சிசன் மூலக்கூறால் ஆறு ஏ.ரி.பி., ஒவ்வொன்றுக்கும் மூன்று சோடியம் என்று பெருக்கிப் பாருங்கள். மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் தெரியவருவதற்கு முன்னரே கிடைத்த எண் அது. பம்பியான நொதியத்தை ஜென்ஸ் ஸ்கவ் 1957 இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தார். நோபல் பரிசு நாற்பது வருடம் கழித்து, 1997 இல் வந்தது.

குளோரைட்டின் வழி வேறு. தோலிலே இழைமணிகள் (கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்புகள்) நிறைந்த கலங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. பெரும்பங்கு குளோரைட்டு அவற்றின் வழியே போகிறது. ஆய்வுகூடக் கரைசலில் அது அழுத்தத்தின் பின்னால் போகும். குளத்தைப் போல ஐதான நீரில் பைகாபனேற்றுக்கு மாற்றாக உயிர்ப்பாக உள்ளெடுக்கப்படும். வாற்பேய்க்கு இவை பொருந்தா என்பதையும் சேர்க்கவேண்டும். அதன் தோல் சோடியத்தை இப்படிக் கடத்துவதில்லை, அந்த வேலையை அதன் பூக்கள் (செவுள்கள்) செய்கின்றன. உருமாற்றத்தின்போதுதான் தோல் இந்தத் தொழிலை ஏற்கிறது.

இனி உப்புத்தூள். தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரநிலத்தில் அப்பி வைத்து அதனால் குடிக்கிறது. நாற்பது கிராம் தேரை ஒன்றை எடுங்கள். கலங்களுக்கு வெளியே உள்ள பாய்மம் உடல் நிறையில் கால்வாசி என்று கொண்டால் பத்து மில்லிலீற்றர். அதில் கரைந்துள்ள உப்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். விரலால் கிள்ளி எடுக்கும் உப்புத்தூள் 300 மில்லிகிராமுக்குக் குறையாது. அதாவது தேரையின் பாய்மத்திலுள்ள முழு உப்பைப் போல் நான்கைந்து மடங்கு அதன் முதுகில் விழுகிறது. ஈரத்தோலில் விழுந்த உப்பு, கரைந்த இடத்திலெல்லாம் கடல்நீரைவிட ஒன்பது பத்து மடங்கு கடுமையான உப்புநீராகிறது.

நீர் வெளியே இழுபடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட மோசமானது, கலங்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான சந்திகளுக்கு நடப்பது. வெளிப்பக்கக் கரைசல் மிகையாகச் செறிந்தால் இந்தச் சந்திகள் திறந்துகொள்ளும். உசிங்கின் ஆய்வுகூடம் யூரியாவைக் கொண்டே இதைக் காட்டியது. சந்தி திறந்தால் கால்வாயின் தெரிவும் பம்பியின் உழைப்பும் பயனற்றுப் போகும். சோடியம், குளோரைட்டு, பொற்றாசியம் எல்லாம் இடைவெளியால் கண்டபடி ஓடும். மாணவர் பக்கம் சொன்ன அரிதட்டு நிலை தேரைக்கு வருவது அப்போதுதான், சாகும் தறுவாயில். பொற்றாசியச் சமநிலை குழம்பினால் இதயம் தாங்காது. உலகின் பல இடங்களில் தவளைகளை அழித்த கைற்றிட் பூஞ்சணம் கொல்வதும் தோலின் இந்த வேலையைக் கெடுத்துத்தான். அவுஸ்திரேலியப் பச்சை மரத்தவளையில் செய்து 2009 இல் வெளியான ஆய்வில், நோயுற்றவற்றின் இரத்தத்தில் சோடியம் ஏறக்குறைய ஐந்திலொன்றும் பொற்றாசியம் பாதியும் குறைந்து, கடைசியில் இதயம் நின்றது.

தேரை வரக்கூடாதென்றால் விறாந்தை விளக்கை அணையுங்கள். பூச்சி வராவிட்டால் தேரைக்கு அங்கே அலுவல் இல்லை. கதவின் அடி இடைவெளிக்கு இறப்பர்ப் பட்டி, கழிவுநீர்க் குழாய் வாய்க்குக் கம்பிவலை. வந்துவிட்டதைத் தும்புத்தடியால் ஒரு வாளிக்குள் தட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோய் விடலாம். ஏற்கனவே உப்புப் போட்டுவிட்டீர்களென்றால் உடனே கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றிக் கழுவி, ஒரு விரல்கணுவுக்கும் குறைவான ஆழத்தில் புதிய நீரில் வைக்கவும். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியை அமுக்கவேண்டாம். அதிலிருந்து வரும் பால் எங்கள் இதயத்தின் சோடியம் பொற்றாசியம் பம்பியையே அடைக்கக்கூடியது. தேரையைக் கவ்விய நாய் நுரை கக்குவதும் அந்தச் சுரப்பால்தான். தேரையின் சொந்தப் பம்பி அந்த நஞ்சுக்கு மசியாதபடி மாறியமைந்திருக்கிறது.

இதனால் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பம்பியை நிறுத்த நூல்கள் சொல்லும் ஊவாபெயின் என்ற தாவர நஞ்சு, தவளைத் தோலின் உட்பக்கம் இட்டால் வேலை செய்யும். தேரைத் தோலில் வழக்கமான அளவுக்கு அசையாது. தேரையை வைத்துவிட்டு மருந்து பழுது என்று போத்தலை எறிந்துவிடக்கூடாது. அமிலோரைட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளிப்பக்கம் லீற்றருக்கு 10 முதல் 100 மைக்குரோமூல் இட்டால் சில விநாடிகளில் மின்னோட்டம் விழும்.

பல்கலைக்கழக மட்டத்தில் இதைச் செய்வோருக்குச் சில குறிப்புகள். றிங்கர் கரைசலுக்கு ஒரு லீற்றரில் சோடியம் குளோரைட்டு 6.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.14, நீரற்ற கல்சியம் குளோரைட்டு 0.12, சோடியம் பைகாபனேற்று 0.2. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கடைசியில் நீர்விட்டால் கல்சியம் காபனேற்று வெள்ளையாகப் படிந்துவிடும். கல்சியம் போனால் தோலின் சந்திகள் தளரும். மற்ற மூன்றையும் 900 மில்லிலீற்றரில் கரைத்த பிறகு கல்சியத்தைக் கலக்கிக்கொண்டே கடைசியாக விடவும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் கல்சியம் குளோரைட்டுப் போத்தல் திறந்து சில நாளிலேயே நீரை இழுத்துவிடும், நிறுத்த நிறை பொய்யாகும். ஆகவே ஒரு மூலர்க் கரைசலாகச் செய்துவைத்து லீற்றருக்கு 1.1 மில்லிலீற்றர் எடுப்பது நல்லது. சுண்ணக்கல்லில் ஊறிய யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. காய்ச்சி வடித்த நீர் இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் அயனகற்றிய நீர் போதும். அமிலமல்ல, தண்ணீர்தான் என்பதைப் பெயர்த்தாளில் பார்த்து வாங்கவும்.

தோலை மாட்டும் முன் இரண்டு மின்வாய்களையும் ஒரே கரைசலில் வைத்துப் பாருங்கள். ஓரிரு மில்லிவோல்ற்றுக்கு மேல் காட்டினால் வெள்ளிக் குளோரைட்டுப் பூச்சைப் புதுப்பிக்கவேண்டும். மின்வாயையும் அறையையும் இணைக்கும் ஏகார்ப் பாலத்துக்கு நூறு மில்லிலீற்றர் 3 மூலர்ப் பொற்றாசியம் குளோரைட்டுக்கு 3 கிராம் ஏகார். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் வாசிப்பு ஆடிக்கொண்டேயிருக்கும். அந்தப் பாலத்தைச் சிறிய அறையில் மணிக்கணக்கில் விட்டால் பொற்றாசியம் கசிந்து உட்பக்கச் செறிவு ஏறும். அழுத்தம் மெல்ல விழுவதைத் தோல் சாகிறதென்று எண்ணி ஏமாறுவார்கள். வயிற்றுத் தோல் இரு பக்கமும் வெளிறியிருப்பதால் எது வெளி எது உள் என்று மாறிவிடும், கழற்றும்போதே ஒரு மூலையை வெட்டி அடையாளமிடவேண்டும். மாறிவிட்டதோ என்ற ஐயம் வந்தால் அமிலோரைட்டே தீர்ப்புச் சொல்லும். அது எந்தப் பக்கம் வேலை செய்கிறதோ அதுவே வெளி.

மிகவும் அடிக்கடி நேரும் பிழை விளிம்பில்தான். அறையின் ஓரம் தோலை நசித்தால் நசிந்த வளையத்தால் எல்லா அயனும் கசியும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துத் தடையைப் பாருங்கள். 50 மில்லிவோல்ற்றும் சதுர சென்ரிமீற்றருக்கு 50 மைக்குரோ அம்பியரும் என்றால் ஆயிரம் ஓம் சதுர சென்ரிமீற்றர், நல்ல தோல். சில நூறுக்குக் கீழே போனால் விளிம்புக்குச் சிலிக்கோன் கிறீஸ் பூசி வேறு துண்டை மாட்டுங்கள். அறை சிறிதாக இருந்தால் இந்தத் தொல்லை கூடும், ஏனெனில் பரப்புக் குறையும் வேகத்தில் விளிம்பு குறைவதில்லை.

பாடசாலைகளில் இதற்காகத் தவளையைக் கொல்லவேண்டிய தேவையே இல்லை. மாணவர் பார்க்கவேண்டியது உண்மையான அரிதட்டு எப்படி நடந்துகொள்ளும் என்பது. அதற்கு விஸ்கிங் குழாய் (நுண்துளைகள் உள்ள செலுலோசுக் குழாய்) போதும். நூறு மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் குளோரைட்டும் பொற்றாசியம் குளோரைட்டும் ஐந்தைந்து கிராம் கரைத்துக் குழாயில் நிரப்பி, இரு முனையையும் கட்டி, வெளிப்புறத்தை நன்றாகக் கழுவி, காய்ச்சி வடித்த நீருள்ள முகவையில் வைக்கவும். இருபது நிமிடத்தின் பின் வெளிநீரில் வெள்ளி நைத்திரேற்றுத் துளிகளை விட்டால் வெண்படிவு வரும், குளோரைட்டு கடந்துவிட்டது. அதே நீரைக் கொஞ்சம் வற்றவைத்துச் சுவாலைச் சோதனை செய்தால் சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். கோபாற்று நீலக் கண்ணாடியூடாகப் பார்த்தால் பொற்றாசியத்தின் ஊதா தெரியும். மூன்றும் கடந்துவிட்டன, தெரிவு என்று ஒன்றும் இல்லை. வெளியே கிணற்றுத் தண்ணீரை வைத்துச் செய்த பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே வெண்படிவு வந்திருக்கும், அதில் குளோரைட்டு ஏற்கனவே இருக்கிறது. இதன் பக்கத்தில் தவளைத் தோலின் எண்களைக் கரும்பலகையில் எழுதினால் வித்தியாசம் விளங்கும்.

கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னபோது இன்னொன்று. குடாநாட்டின் நன்னீர் சுண்ணக்கற் படுகையில் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். வாய்க்குச் சற்றுக் கரிக்கும் தண்ணீர், லீற்றருக்கு ஒரு கிராம் இரண்டு கிராம் உப்பு, வளர்ந்த தவளைக்குப் பெரிய இடைஞ்சல் அல்ல. லீற்றருக்கு ஆறரைக் கிராமை எட்டியதும் தவளையின் இரத்தமும் வெளிநீரும் சமமாகிவிடும். அதற்குமேல் தோலால் நீர் குடிக்க முடியாது. தென்கிழக்காசியாவின் கண்டற் கரைகளில் வாழும் நண்டுதின்னித் தவளை இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்துவைத்து இந்த எல்லையைத் தாண்டுகிறது. எங்கள் வயல் தவளைகளிடமும் தேரைகளிடமும் அந்த அளவுக்கு இந்த வித்தையை எதிர்பார்க்க முடியாது. முட்டையும் வாற்பேயும் இன்னும் குறைந்த உப்பிலேயே கெடும் என்பதால், உவர் ஏறிய குட்டையில் பெரிய தவளைகள் சத்தமிடுவதைக் கேட்டுத் தண்ணீர் நல்லதென்று முடிவு கட்டவேண்டாம்.

மாணவர் பக்கத் திருத்தத்தை அதே பக்கத்தில், பரீட்சைக்கு முன் வெளியிடுமாறும், உப்புக் குறிப்பை மீளப்பெறுமாறும் கேட்டுக்கொள்கிறோம். திருத்தம் நீளவேண்டியதில்லை: வெளிமுகத்தில் சோடியக் கால்வாய், உள்முகத்தில் பொற்றாசியக் கால்வாயும் பம்பியும், கலங்களிடையே இறுகிய சந்தி, குளோரைட்டுக்குத் தனிவழி. இந்த நான்கையும் குறித்த ஒரு படம் போதும். படத்தில் பம்பியை வெளிமுகத்தில் வரைந்துவிட வேண்டாம். மாணவர் விடைத்தாள்களில் அதிகம் காணப்படும் பிழை அதுதான்.

இங்ஙனம்,
உயிரியல் கற்பிப்போர் சிலர்,
யாழ்ப்பாணம்.